முன் படி விளக்கு

நகரத்துக்கு வெளியே விட்பியில் உள்ள என் தங்கச்சியின் வீட்டுக்கு ஒரு முன் கதவு இருக்கிறது என்பது அங்கே போய் வருகிற பலருக்குத் தெரியாது. உங்கள் வீடுகளும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கார் கராஜுக்குள் போகும். கராஜுக்குள்ளிருந்து ஒரு சின்னக் கதவு சமையலறைக்குத் திறக்கும். சொந்தக்காரர், சிநேகிதர், சாமான் தூக்கி வருகிறவர் எல்லோருக்கும் அதுதான் வாசல். முன் கதவுக்குப் பின்னால் அரிசி மூட்டையும் பிள்ளைகளின் பனிச் சப்பாத்துகளும் உடைக்காத பெட்டிகளும் அடுக்கியிருக்கும். வீடு பார்க்கப் போன அன்று அந்தக் கதவின் அழகைத்தான் தங்கச்சி மாய்ந்து மாய்ந்து சொன்னாள். குடிபுகுந்த பிறகு அவள் அதைத் திறந்து நான் காணவில்லை.

போன மாதம் அம்மாவுக்கு இடுப்பில் ஒப்பரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தபோது தங்கச்சி வழக்கம்போலக் காரைக் கராஜுக்குள் கொண்டுபோய் நிறுத்தினாள். அம்மா இறங்க மாட்டேன் என்றுவிட்டார். கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, தேவாலயத்தில் பூசை தொடங்கக் காத்திருப்பவர்போல நேரே பார்த்துக்கொண்டிருந்தார். முன் வாசலால்தான் வருவாராம். தங்கச்சிக்குக் கோபம் வந்தது. பாவம், அவளுக்கு என்ன தெரியும்? அந்தக் கதை நடந்தபோது அவள் பிறந்திருக்கவில்லை. பிறந்துகொண்டிருந்தாள் என்று சொல்வதுதான் சரி.

அந்தக் குளிர்காலத்தைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். எனக்கு அப்போது பத்து வயது. இப்போது ஐம்பதைத் தொட்டு, படி ஏறினால் முழங்கால் கதைக்கிறது. படிகளைப் பற்றிப் பேச இதுதான் சரியான வயது.

எங்கள் காலத்தில் போருக்குத் தப்பி இங்கே வந்த நீங்கள் அநேகமாகச் சென் ஜேம்ஸ் ரவுணின் உயர்ந்த கட்டடங்களில் லிஃப்றுக்குக் காத்து நின்ற கதைகளைச் சொல்வீர்கள். எங்களுக்கு லிஃப்ற் வாய்க்கவில்லை. நகரத்தின் மேற்குப் பக்கம், ஏரிக்குக் கிட்ட, ஒரு கிழட்டு வீடு வாய்த்தது. சிவப்புச் செங்கல், மூன்று தட்டு. ஒரு மூலையில் வட்டமாக ஒரு கோபுரம், அதன் தலையில் கூம்புத் தொப்பி. முன்பக்கமெல்லாம் சுற்றி வரும் மர விறாந்தை. யன்னல்கள் சுவரோடு ஒட்டி நிற்காமல் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து நின்றன. "எல்லா யன்னலும் என்னை மாதிரித்தான் நிக்குது" என்று அம்மா ஒருநாள் சொல்லிச் சிரித்தார். அம்மா அதிகம் சிரிக்காத காலம் அது.

அந்த வீடு முன்பு ஒரு விடுதியாக இருந்ததாம். வீட்டுக்கார மனிசியின் மாமியார் இங்கிலாந்தில் ஏதோ ஒரு கடற்கரைப் பட்டணத்திலிருந்து வந்தவர். அங்கே கோடையில் கடற்காற்று வாங்க வருகிறவர்களுக்கு அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் கொடுக்கிற வீடுகள் கரையோரம் வரிசையாக நிற்குமாம். கடல் இல்லாத ஊருக்கு வந்தபிறகும் அந்த மாமியாருக்கு அந்த நினைப்புப் போகவில்லை. ஏரியைக் கடல் என்று வைத்துக்கொண்டு அதே மாதிரி ஒரு வீட்டைக் கட்டுவித்தார். எல்லா யன்னலும் வளைந்து நின்றது ஏரியை எட்டிப் பார்க்கத்தான். நாங்கள் வந்த நேரம் வீட்டுக்கும் ஏரிக்கும் நடுவில் ரயில் பாதையும் பெருந்தெருவும் வந்துவிட்டன. யன்னலில் காதை வைத்தால் கேட்டது லொறிச் சத்தம். அதற்குப் பின்னால் ஒரு சாம்பல் கோடு தெரியும். தீவிலே பிறந்து வளர்ந்த அப்பா அந்தக் கோட்டை நம்பவே இல்லை. மணக்காத கடல் என்ன கடல் என்பார்.

சமையலறைச் சுவரில் கண்ணாடி போட்ட ஒரு பெட்டி இருந்தது. உள்ளே அறை இலக்கங்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு குட்டி மணி. மேலே அறையில் தங்கியவர்கள் ஒரு குமிழை இழுத்தால் கீழே அந்த மணி ஆடும், வேலைக்காரப் பெண் தேத்தண்ணீர்த் தட்டோடு ஓடுவாள். ஓடுவதற்கு அவளுக்கென்று தனிப் படி இருந்தது. அதுதான் பின் படி. சமையலறையின் மூலையில் தொடங்கி, ஒரு அலுமாரிக்குள் ஏறுவதுபோல இருட்டுக்குள் வளைந்து வளைந்து மூன்றாம் தட்டுவரை போகும். வளைவில் ஒவ்வொரு படியும் ஒரு பக்கம் ஒரு சாணும் மறுபக்கம் ஒன்றுமில்லாமலும் இருக்கும். பெரியவர்கள் பாதத்தைச் சரித்து வைத்துத்தான் ஏற வேண்டும்.

முன் படி வேறு உலகம். கீழே வண்ணக் கண்ணாடி போட்ட தெருக்கதவு. அதிலிருந்து ஒரு கட்டில் போடக்கூடிய அகலத்தில் ஓக் மரப் படிகள் எழும்பும். நடுவில் சிவப்புக் கம்பளம், ஓரத்தில் பித்தளைக் கம்பிகள். கைபிடி தொடங்குமிடத்தில் அன்னாசிப்பழம் செதுக்கிய ஒரு தூண், ஒவ்வொரு தட்டிலும் அப்படி ஒன்று. படி திரும்பும் இடத்தில் ஒரு மேசை, அதில் பச்சைக் கண்ணாடி மூடிய விளக்கு. விருந்தாளியும் வேலைக்காரியும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் வாழ்வதற்காக அப்படிக் கட்டினார்கள் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

நாங்கள் எல்லோரும் பின் படியால்தான் ஏறினோம்.

அது சம்மாட்டியாரின் சட்டம். ஊரில் வள்ளமும் வலையும் வைத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு தொழில் செய்தவர் அவர். கடலில் சம்மாட்டி சொன்னால் சொன்னதுதான், ஏன் என்று கேட்டுக்கொண்டு நின்றால் வலை போய்விடும். அந்தப் பழக்கம் எங்கள் ஆட்களோடு விமானத்தில் ஏறி வந்துவிட்டது. அந்த வீட்டுக்கு முதலில் குடிவந்தவர் அவர். பிறகு ஒவ்வொருவராகக் கூட்டிவந்து, ரெஸ்ரோறன்ற்களில் கோப்பை கழுவுகிற நாலைந்து இளம் அண்ணைமாரை மேல் அறைகளில் இருத்தினார். கடைசியாக வந்த குடும்பம் நாங்கள். செப்ரெம்பரில் நாங்கள் சூட்கேசோடு விறாந்தையில் கால் வைத்ததும் அவர் ஓடிவந்து எங்களைப் பின்பக்கமாகச் சுற்றிக் கூட்டிப்போனார்.

"முன் படி எங்களுக்கில்லை. அது மனிசின்ரை படி. உதிலை ஒருத்தரும் கால் வைக்கப்படாது" என்றார்.

அப்பா ஏன் என்று கேட்கவில்லை. பிள்ளை குட்டியோடு வந்தவர்களுக்கு அறை இல்லை என்று எத்தனை பேர் கதவைச் சாத்தினார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். இந்த மனிசி சாத்தவில்லை. அந்த நன்றியே அப்பாவின் வாயை அடைத்துவிட்டது. சம்மாட்டியாருக்கோ இன்னும் பெரிய பயம். மனைவியும் இரண்டு மகன்மாரும் ஊரில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டு இருத்த ஓர் அறை வேண்டும், இந்த வீட்டில் ஒரு குறை வந்தால் அந்த அறை போய்விடும். இப்போது யோசித்தால் அவரைக் கோபிக்க மனம் வரவில்லை. அந்த வயதில் அவர் எனக்கு ஒரு பொலிஸ்காரர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் அறைகளுக்குப் போக முன் படியின் தலைப்பைக் கடந்துதான் போக வேண்டும். பின் படியால் மூச்சு வாங்க ஏறி, பச்சைத் துணி அறைந்த ஒரு கதவைத் தள்ளி நடைக்குள் வந்தால், அங்கே முன் படி அகலமாக விரிந்து கிடக்கும். அதைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொருவரும் தன் அறைக்குப் போவோம். ஒருத்தரும் அதில் கால் வைத்ததில்லை.

அம்மா அந்த அன்னாசித் தூணில் கை வைத்துக்கொண்டு நிற்பார். மூச்சு ஆறுவதற்கு அவர் நிற்குமிடம் அதுதான். கம்பளத்தைப் பார்ப்பார், பித்தளைக் கம்பிகளைப் பார்ப்பார், பிறகு அறைக்கு வருவார். அம்மா அப்போது பிள்ளைத்தாச்சி. எனக்குப் பின்னால் ஊரில் ஒன்று வந்து ஆறாம் மாதத்தில் போய்விட்டது. இந்தப் பிள்ளை தங்க வேண்டுமென்று அம்மா யன்னலடியில் மாதா சுருவத்தை வைத்து நாளும் பொழுதும் செபமாலை சொன்னார். வயிறு வளர வளரப் பின் படி ஒடுங்கிக்கொண்டு வந்தது. டிசம்பரில் பக்கவாட்டில் திரும்பி ஏறினார். ஜனவரியில் என்னைப் பின்னால் வரச் சொல்லி, கையால் சுவரைத் தடவித் தடவி ஏறினார். சப்பாத்தில் ஒட்டிய பனி படியில் உருகி வழுக்கும். ஒருமுறை அம்மாவின் கால் சறுக்கி, இரண்டு படி இருந்தபடியே இறங்கினார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்தார். பிள்ளை அசைந்த பிறகுதான் எழுந்தார். நான் அவ்வளவு பயந்தது அதற்கு முன் ஷெல் விழுந்த நாட்களில் மட்டும்தான்.

அப்பா அன்று பின்னேரம் சம்மாட்டியாரிடம் போய் மெல்லச் சொன்னார். முன் படியைப் பற்றி வாய் திறக்கவில்லை, படி வழுக்குது அண்ணை என்று மட்டும் சொன்னார். சம்மாட்டியாரின் முகம் சுருங்கிப்போனது. மறுநாள் எங்கேயோ போய்த் தடித்த நைலோன் கயிறு ஒரு சுருள் வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்த இருட்டுப் படியில் குந்தியிருந்து, சுவரில் கொளுக்கி அடித்து, அடியிலிருந்து நுனிவரை கயிற்றை இழுத்துக் கட்டினார். கைக்குப் பிடிப்பாக ஒரு முழத்துக்கு ஒரு முடிச்சு, வள்ளத்தில் போடுகிற முடிச்சு, எந்தப் பாரத்துக்கும் அவிழாது. "பிள்ளை, இனி பயப்பிடாமல் ஏறு. கயிறு உன்னை விடாது" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவின் கண் கலங்கிவிட்டது. ஒரு மனிதர் இவ்வளவு அன்பை எடுத்துப் பிழையான படியில் கட்டிவைத்தாரே என்று இப்போது எனக்குக் கலங்குகிறது.

வீட்டுக்கார மனிசி கீழ்த்தட்டு முன் அறைகளில் தனியாக இருந்தார். உயரம், நரை, எப்போதும் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. எங்களைக் கண்டால் தலையசைப்பார், அதற்குமேல் இல்லை. செருக்குப் பிடித்த மனிசி என்பது எங்கள் ஆட்களின் தீர்ப்பு. சனிக்கிழமைகளில் முழங்காலில் நின்று முன் படியை மெழுகு போட்டுத் துடைப்பார். தேன்மெழுகின் வாசம் மூன்றாம் தட்டுவரை ஏறி, எங்கள் கருவாட்டு வாசத்தோடு நடையில் சண்டை பிடிக்கும். இருட்டத் தொடங்கியதும் அந்தப் பச்சை விளக்கைப் போட்டுவிடுவார். நடமாட்டமே இல்லாத படிக்கு எதற்கு விளக்கு என்று அண்ணைமார் பகிடி பண்ணுவார்கள். புருஷன்ரை ஆவி வாறதுக்காக்கும் என்று ஒருவர் சொல்லப் போய், நான் கொஞ்ச நாள் அந்த நடையைக் கண்ணை மூடிக்கொண்டு ஓடிக் கடந்தேன்.

தவக்காலம் தொடங்கிய பிறகு ஒரு பின்னேரம். பள்ளிக்கூடத்தால் நான் வந்திருந்தேன். வெளியே மழையும் பனியும் கலந்து கொட்டியது. அப்பா வேலையில். அம்மா தைப்பதற்கு வைத்திருந்த சட்டைப் பொத்தானைக் கீழே போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்தார். இன்னும் நாள் இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தோம். நான் ஓடிப்போய்ச் சம்மாட்டியாரின் கதவைத் தட்டினேன். அவர் நடையில் இருந்த தொலைபேசியில் அம்புலன்சைக் கூப்பிட்டார். அதில் வந்தவர்களைப் பின்பக்கமாகச் சுற்றிக் கூட்டி வந்ததும் அவர்தான்.

ஒரு ஆணும் ஒரு பெண்ணும் வந்தார்கள். மடிக்கிற கதிரையைத் தூக்கிக்கொண்டு பின் படியின் வளைவுகளில் இடித்து இடித்து ஏறினார்கள். அந்தப் பெண் அம்மாவைச் சோதித்துவிட்டு, இனி ஒரு அடியும் நடக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். கதிரையில் இருத்திப் பட்டியைக் கட்டினார்கள். ஆள் இருந்த கதிரை பின் படியில் திரும்பாது என்பது ஏறும்போதே அவர்களுக்கு விளங்கியிருந்தது. நடைக்கு வந்ததும் அந்த ஆண் முன் படியைக் கண்டார். கண்டவர் அப்படியே நின்று, சம்மாட்டியாரைத் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு பெரிய படி இங்கே இருக்க எங்களை ஏன் அந்தப் பொந்துக்குள்ளால் கொண்டுவந்தாய் என்று அந்தப் பார்வை கேட்டது.

சம்மாட்டியார் இரண்டு கையையும் விரித்தார். கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு, பின் படியால் இறங்கி ஓடினார். ஆம், அப்போதும் பின் படியால்தான்.

அவர்கள் காத்திருக்கத் தயாரில்லை. கதிரையைத் தள்ளினார்கள். அது நகரவில்லை. அம்மா அன்னாசித் தூணை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தார்.

"கேட்டுட்டு வரட்டும்" என்றார் அம்மா. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "இந்த வீட்டை விட்டா நாங்கள் எங்கை போறது? அவர் கேட்டுட்டு வரட்டும்."

அந்தப் பெண் அம்மாவின் விரல்களை மெல்லப் பிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. நோவு வந்தபோது அம்மாவின் நகங்கள் மரத்தில் பதிந்தன. ஆறாம் மாதத்தில் போன பிள்ளை எனக்கு ஞாபகம் வந்தது. நான் அழுதுகொண்டு, விடுங்கோ அம்மா, விடுங்கோ என்று கெஞ்சினேன். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை, கீழே படியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே ஒரு கதவு திறந்தது. வீட்டுக்கார மனிசி படியடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். அவருக்குப் பின்னால் சம்மாட்டியார், மழையில் நனைந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. மனிசிக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எதற்கு என்னைக் கேட்கிறீர்கள், வேறு எதால் கொண்டு போவது என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். பிறகு அம்மாவின் கைகளைக் கண்டார். அந்தக் கைகள் தூணைப் பிடித்திருந்த விதத்தை ஒரு கணம் பார்த்தார். விறுவிறுவென்று திருப்பம்வரை ஏறிவந்து, மேசையிலிருந்த விளக்கைப் போட்டார். தெருக்கதவையும் விரியத் திறந்துவிட்டார். அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டி, வா, வா என்று காட்டினார்.

அம்மா தூணை விட்டார். கதிரை முதற் படியில் இறங்கப் போகும்போது என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, என்ரை செருப்பைக் கழட்டு. கம்பளம் ஊத்தையாப் போயிடும்."

அம்மாவின் கால் கம்பளத்தில் படப்போவதே இல்லை. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஆனாலும் நான் கழற்றினேன். அப்படித்தான் அம்மா அந்தப் படியில் முதல் தடவையாகப் போனார், வெறுங்காலோடு, நிலத்தில் படாமல். தங்கச்சி அன்று பொழுது சாயமுன் பிறந்தாள், நல்ல சுகமாக.

அம்புலன்ஸ் போனதும் மனிசி சம்மாட்டியாரையும் என்னையும் தன் முன் அறைக்குள் இருத்தித் தேத்தண்ணீர் தந்தார். ஏன் கேட்டீர்கள் என்று திரும்பவும் கேட்டார். சம்மாட்டியாரிடம் கேட்டு, பள்ளிக்கூடத்தில் பொறுக்கிய ஆங்கிலத்தில் நான் சொன்னேன், இவர் குடிவந்தபோது முன் படியால் வேண்டாம் என்று நீங்கள் காட்டினீர்களாம். மனிசி நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பிறகு மெதுவாகத் தலையில் கை வைத்தார். சம்மாட்டியார் வந்த கிழமை முன் படிக்குப் புதிதாக வார்னிஷ் அடித்திருந்ததாம். காயவில்லை. அதனால் கையை ஆட்டி வேண்டாமென்று காட்டி, அவரைப் பின்னால் கூட்டிப் போனாராம்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். சம்மாட்டியார் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எனக்கு மணத்தது" என்றார். "நல்லா மணத்தது. பெரிய ஆக்களின்ரை வீடு இப்பிடித்தான் மணக்குமாக்கும் எண்டு நினைச்சன்."

சொல்லிவிட்டு அழுதார். மனிசியும் தன் பக்கத்தைச் சொன்னார். விடுதி நடத்திய காலத்தில் கடைசி விருந்தாளி வீடு வந்து சேரும்வரை படி விளக்கை அணைக்கக்கூடாது என்பது மாமியாரின் வழக்கமாம். எங்களுக்காகத்தான் அதை ஒவ்வொரு நாளும் போட்டாராம். சுவருக்கு அப்பால் பின் படியில் காலடிச் சத்தம் கேட்கும்போது, என் கதவைக் கடந்து போக இவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தாராம். கடைசிக் காலடி ஓய்ந்த பிறகு எழுந்து போய் விளக்கை அணைப்பாராம். செருக்குப் பிடித்தவர் நாங்கள்தான் என்று அவர் ஒரு குளிர்காலம் முழுவதும் நினைத்திருக்கிறார்.

அம்மா தங்கச்சியைக் கொண்டு வந்த அன்று அண்ணைமார் எல்லோரும் முன் படியில் ஆளுக்கொரு படியாக வரிசையில் நின்றார்கள். சம்மாட்டியார் பின் படிக் கயிற்றை அவிழ்க்கவில்லை, கிடக்கட்டும் என்றுவிட்டார். அவருடைய மனைவியும் மகன்மாரும் அடுத்த வருடம் அந்த வண்ணக் கண்ணாடிக் கதவால்தான் உள்ளே வந்தார்கள். மனிசி போய்ச் சேர்ந்துவிட்டார், சம்மாட்டியாரும் போய்விட்டார். அந்த வீட்டை அண்மையில் பார்த்தேன், ஒரே ஒரு குடும்பம் இருக்கிறதாம். கயிறு என்னவானதோ தெரியாது.

இனி விட்பிக்கு வருவோம். கராஜுக்குள் அம்மா இன்னும் காரில்தான் இருந்தார்.

"அம்மா, உதாலை வந்தா ஸ்ரெப்ஸ் ஒண்டும் இல்லை. முன்னுக்கு நாலு ஸ்ரெப் இருக்கு. இப்பதான் ஒப்பரேஷன் செய்தது. வை ஆர் யூ டூயிங் திஸ்?" என்றாள் தங்கச்சி.

அம்மா அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "நீ முன் படியாலை வந்த பிள்ளை" என்றார். "உன்ரை வீட்டுக்கு நான் பின்னாலை வரமாட்டன்."

தங்கச்சி என்னைப் பார்த்தாள். பிறகு சொல்கிறேன் என்று கண்ணைக் காட்டினேன். அவள் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள். அரிசி மூட்டை இழுபடும் சத்தமும் பெட்டிகள் விழும் சத்தமும் கேட்டன. காரைப் பின்னுக்கு எடுத்து முன் வாசலடியில் விட்டோம். ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் அவளுமாகப் பிடித்துக்கொள்ள, அம்மா நாலு படியையும் ஒவ்வொன்றாக ஏறினார். வாசலில் நின்று செருப்பைக் கழற்றச் சொன்னார். நான் குனிந்து கழற்றினேன்.

உள்ளே வந்து கதிரையில் இருந்ததும், அந்த முன் லைற்றைப் போட்டுவிடு பிள்ளை என்றார். வெளியே நல்ல வெயில். தங்கச்சி அந்த வெயிலை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய் லைற்றைப் போட்டாள்.